படிப்பில் ஒட்டாத பையனை வேலைக்கு அனுப்பலாமா? ஐந்து வழிகள், ஒவ்வொன்றின் விலை

பள்ளிக்கூடம் என்று கிளம்பி வேறெங்கோ சுற்றிவிட்டு வருகிற 15 வயதுப் பையன். கேட்டால் எரிந்து விழுகிறான். பையில் கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலம் அகப்படுகிறது. வகுப்பில் அடிதடி, இன்னொரு தடவை நடந்தால் டி.சி.தான் என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பிவிட்டார். இந்தக் கட்டத்தில் எல்லா வீட்டிலும் இரண்டு குரல்கள் எழும். "ஒரு வேலைல சேர்த்து விடு, நாலு நாள் உடம்பு நொந்தா தானா வழிக்கு வருவான்" என்று மாமாவோ பெரியப்பாவோ சொல்வார். "கையில காசு பார்த்துட்டா அப்புறம் புத்தகத்தைத் தொடவே மாட்டான்" என்று இன்னொருவர் பயமுறுத்துவார். நடுவில் மாட்டிக்கொள்ளும் அம்மாக்கள்தான் பெரும்பாலும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள்.

இரண்டு பேருமே கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். சின்ன வயதில் லேத் பட்டறையில் சேர்ந்து தொழில் பழகி, பின்னால் சொந்தப் பட்டறை போட்டவர்கள் கோவையில் நிறையப் பேர் உண்டு. மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து முறுக்குக் கம்பெனி வேலைக்கென்று வடமாநிலங்களுக்குக் கூட்டிப்போகப்பட்டு, சம்பளமும் இல்லாமல் வெளியேறவும் முடியாமல் அடைபட்டு, அதிகாரிகள் போய் மீட்டுவந்த சிறுவர்களும் உண்டு. இரண்டுக்கும் "வேலை" என்றுதான் பெயர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி, பொறுப்பான ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று, அளவான நேரம் செய்கிற வேலை பல பையன்களை நிமிர்த்துகிறது. வம்பில் சிக்கிய பையன்களை மட்டும் மொத்தமாகச் சேர்த்து ஓரிடத்தில் அடைத்து வேலை வாங்குகிற ஏற்பாடு, எந்தப் பெயரில் வந்தாலும், அவர்களைக் கெடுக்கத்தான் அதிக வாய்ப்பு.

14 வயது நிறையாத பையனுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அவனை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில் கூடமாட உதவலாம். கீழே வருவதெல்லாம் 14-லிருந்து 18-க்குள் இருப்பவர்களைப் பற்றியது.

## எதை வைத்து எடைபோடுவது?

கூட இருப்பது யார்? என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. தடம் மாறக்கூடும் என்று கருதப்பட்ட 506 சிறுவர்களை இரண்டு சமக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆலோசகர், தனிப்பாடம், கோடைக்கால முகாம் எல்லாம் கொடுத்தார்கள். இன்னொரு குழுவை அப்படியே விட்டுவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மக்கார்டு என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலைமைதான் மோசமாக இருந்தது. அதிலும் கோடைக்கால முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் பாதிப்பு அதிகம். முகாமில் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன கற்றிருப்பார்கள் என்பது நம் ஊர்ப் பெற்றோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "சேர்க்கை சரியில்லை" என்று சொல்லிவிட்டு, அதே சேர்க்கையை விடுதியாக்கிக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

எத்தனை மணி நேரம்? 14 முதல் 18 வயதுள்ளவருக்குச் சட்டம் வகுத்த அளவு இது: மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, பிறகு ஒரு மணி நேரமாவது ஓய்வு. ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். மாலை 7-லிருந்து காலை 8 வரை வேலை கூடாது, ஓவர்டைம் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை. நம் கடைவீதியில் எத்தனை இடத்தில் இது நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஓனர் எப்படிப்பட்டவர் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

படிப்புக்குத் திரும்ப வழி இருக்கிறதா? 15 வயதில் வெறுத்த படிப்பை 19 வயதில் தானே தேடிப் போகிறவர்கள் உண்டு. அப்போது கதவு சாத்தியிருக்கக் கூடாது.

பணம் யார் கைக்கு வருகிறது? முழுச் சம்பளமும் அவன் கையில் இருந்தாலும் தொந்தரவு, ஒரு ரூபாய்கூட அவனுக்குத் தராமல் அப்பா வாங்கிக்கொண்டாலும் தொந்தரவு. இரண்டையும்விட மோசம் முன்பணம். உழைப்பை ஈடாக வைத்து முன்பணம் வாங்கினால் அது 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த கொத்தடிமை முறை. முன்பணம் தருகிறேன் என்று ஏஜென்ட் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பிடிக்காவிட்டால் வெளியே வர முடியுமா? அங்கே அடிக்கிறார்கள் என்றால் அன்று ராத்திரியே உங்களிடம் சொல்ல முடிய வேண்டும்.

## ஒன்று: தெரிந்தவர் பட்டறை, மெக்கானிக் கடை, எலெக்ட்ரீஷியன்

இதன் பலம், பையன் பெரியவர்களுக்கு நடுவில் இருக்கிறான் என்பது. காலையில் தாமதமாகப் போனால் ஒருவர் நிஜமாகவே அவனுக்காகக் காத்திருக்கிறார். கழற்றிய கார்புரேட்டரைத் திரும்பப் பூட்டி வண்டி கிளம்பிவிட்டால், மார்க் ஷீட் தராத ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. பள்ளியில் பத்து வருடமாக "உருப்பட மாட்டே" என்று கேட்டவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு டூ-வீலர் மெக்கானிக் பையன்களைச் சேர்க்கும்போது வீட்டிலிருந்து ஒருவர் வந்து பேச வேண்டும் என்பார். ஆறு மணிக்குக் கடையில் யார் இருந்தாலும் பையனைக் கிளப்பி விடுவார். பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வு வந்தால் ஒரு வாரம் லீவு. எழுதப் போகவில்லையென்றால் கடைக்கும் வரக்கூடாது. அவரிடம் பழகிய பையன்கள் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். இப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற நான்கு வழிகளையும்விட அவரை நம்பலாம்.

ஆனால் எல்லாக் கடையும் அப்படியில்லை. பல இடங்களில் முதல் வருடம் முழுக்க டீ வாங்கி வருவதும் கடை கூட்டுவதும்தான். சனிக்கிழமை சம்பளத்தோடு பெரியவர்கள் டாஸ்மாக் போகும்போது இவனும் கூடவே போவான். கண்ணில் இரும்புத்தூள் பட்டால், விரல் நசுங்கினால், வைத்தியச் செலவு யாருடையது என்று முன்கூட்டி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். சான்றிதழ் கிடையாது. மூன்று வருடம் பழகின கையைத் தவிர வேறெதையும் அவன் இன்னொரு இடத்தில் காட்ட முடியாது.

சுரங்கம், பட்டாசு உள்ளிட்ட வெடிபொருள், தீப்பற்றும் பொருள், ஆபத்தானவை என்று சட்டம் குறித்துள்ள தொழிற்சாலை வேலைகள் இவற்றில் 18 வயதுக்குக் கீழே யாரையும் வைக்கக் கூடாது. பட்டியல் நீளமானது; சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

## இரண்டு: ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்)

தமிழ்நாட்டில் இந்த வழியைக் குறைவாக மதிக்கிறோம் என்பது என் வருத்தம். வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். மற்றவற்றுக்குப் பத்தாம் வகுப்பு. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணமில்லாத பயிற்சி, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் ஐ.டி.ஐ.க்குப் பொருந்தும்.

இதைவிடப் பெரிய விஷயம், திரும்பிவரும் வழி திறந்தே இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். மொழிப்பாடத் தேர்வுகளை மட்டும் எழுதி, 8-க்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவன் பத்தாம் வகுப்புக்கும், 10-க்குப் பின் முடித்தவன் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இணையான தகுதியைப் பெறவும் வழி உள்ளது. பட்டறையில் மூன்று வருடம் கழித்தவனுக்கு இது கிடைக்காது.

சரி, மறைந்திருக்கும் விலை என்ன? ஐ.டி.ஐ.யும் ஒரு வகுப்பறைதான். தியரி உண்டு, கணக்கு உண்டு, டிராயிங் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற பையன் இங்கேயும் முதல் மாதத்திலேயே பின்தங்குவான். 80 சதவீதம் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. பள்ளியை மட்டம் போட்டவனுக்கு அதுவே பெரிய மலை. அரசு இடம் கிடைக்காமல் தனியார் ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் கட்டணம் தனி. அப்புறம், பிரிவைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதையும் பாருங்கள். ஃபிட்டர் எடுத்தால் கம்பெனி வேலை நிச்சயம் என்று அப்பா முடிவெடுத்து, ஏ.சி. மெக்கானிக் ஆக ஆசைப்பட்ட பையன் ஆறு மாதத்தில் நின்றுபோவது நடக்கிறது. சேர்க்கைக்கு முன்னால் ஐ.டி.ஐ. வளாகத்துக்கு அவனையே கூட்டிப்போய், இரண்டு மூன்று பயிற்சிக்கூடங்களைக் காட்டிவிட்டு, அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

## மூன்று: கம்பெனி அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்)

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி 14 வயதிலிருந்து சேரலாம். ஆபத்தான தொழில்களுக்கு 18. ஒப்பந்தம் பதிவாகும், உதவித்தொகை வரும் (தகுதியைப் பொறுத்து மாதம் குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று 2019 விதிகள் வகுத்தன), முடிவில் நாடு முழுக்கச் செல்லுபடியாகும் சான்றிதழ். சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பத்தாம் வகுப்பு முடித்தவர்களையும் எடுக்கிறது. திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்றவை பெரும்பாலும் ஐ.டி.ஐ. முடித்தவர்களை எடுப்பவை.

காகிதத்தில் பார்த்தால் இதுதான் சிறந்தது. சிக்கல் என்னவென்றால், தேர்வு மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது. நாம் பேசுகிற பையனுக்கு அதுதான் இல்லை. பயிற்சி முடிந்தால் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. ஆகவே இது 15 வயதில் எடுக்கிற முடிவு அல்ல, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் நிலைத்தவனுக்கு அடுத்த படி. ஊரைவிட்டு அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தால், அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பதை நேரில் போய்ப் பாருங்கள்.

## நான்கு: "திருத்தி அனுப்புவோம்" என்கிற விடுதிகள்

கண்டிப்பு, அதிகாலை எழுப்பல், தோட்ட வேலை, "மூணு மாசத்துல ஆளை மாத்தி அனுப்புறோம்." களைத்துப்போன பெற்றோருக்கு இந்த வாக்குறுதி எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் இதற்கு எதிரானவன், அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

உழைக்க வைத்துத் திருத்துவது என்ற எண்ணம் புதிதில்லை. பிரான்சில் மெத்ரே என்ற இடத்தில் 1840-லேயே சிறுவர்களுக்காக விவசாயக் குடியிருப்பு தொடங்கினார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மரியானா நகரத்துச் சீர்திருத்தப் பள்ளி 1900-லிருந்து 2011 வரை நடந்தது. பையன்கள் அங்கே வயலிலும் அச்சகத்திலும் உழைத்தார்கள். மூடிய பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தபோது 55 சவக்குழிகள் கிடைத்தன. பள்ளியின் கணக்கில் இருந்தவை 31. ராணுவப் பயிற்சி பாணியில் நடந்த அமெரிக்க முகாம்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், போய்வந்தவர்கள் மறுபடி குற்றம் செய்வது சராசரியாகக் குறையவில்லை என்றே கண்டார்கள்.

நம் ஊரிலும் இந்தக் காயம் பழையதில்லை. 2022 டிசம்பர் கடைசியில், வழக்கில் சிக்கிய சிறார்களை வைத்திருக்கும் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில், சிறு திருட்டு வழக்கில் வந்த 17 வயதுச் சிறுவன் அடிபட்டு இறந்தான். ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அரசு இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. அரசின் கண்ணுக்குக் கீழே இருக்கும் இடத்தில் இப்படி என்றால், யாரும் எட்டிப் பார்க்காத தனியார் விடுதியில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். போதை மறுவாழ்வு மையம் என்றால் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். அதே சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது என்கிறது. வீட்டு ஆள் ஒருவர் அல்லது அவர் நியமிக்கும் ஒருவர் முழு நேரமும் கூட இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "மூணு மாசம் வந்து பார்க்காதீங்க, அப்பத்தான் திருந்துவான்" என்று ஒரு மையம் சொன்னால், அந்த ஒரு வாக்கியமே அவனை அங்கே விடாமல் இருக்கப் போதுமான காரணம்.

கஞ்சாவோ மாத்திரையோ பழக்கமாகிக் கை நடுங்கும் அளவுக்குப் போயிருந்தால் மருத்துவமனையில் தங்கவைத்துப் பார்ப்பது அவசியமாகலாம். அதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். மருத்துவம் வேறு, வேலை வாங்கித் திருத்துவது வேறு.

## ஐந்து: பள்ளியும் கொஞ்சம் வேலையும்

முழுக்க விடவும் வேண்டாம், முழுக்கப் பிடித்து வைக்கவும் வேண்டாம் என்ற வழி. சிகாகோவில் 2012 கோடையில், வன்முறை மிகுந்த பகுதிப் பள்ளிகளைச் சேர்ந்த 1,634 இளைஞர்களை வைத்துப் பார்த்தார்கள். குலுக்கலில் தேர்வானவர்களுக்கு எட்டு வாரம், வாரம் 25 மணி நேரப் பகுதிநேர வேலை, கூடவே வழிகாட்ட ஒரு பெரியவர். அடுத்த 16 மாதத்தில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 43 சதவீதம் குறைந்தது. அதிலும் பெரும்பகுதி, வேலை முடிந்த பிறகு குறைந்தது. வெறும் பொழுதைப் பிடுங்கிக்கொண்டதால் மட்டும் வந்த பலன் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. பள்ளிப் படிப்பில் இதனால் பெரிய முன்னேற்றம் வந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பள்ளி நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் பதின்வயதினரிடம் படிப்புச் சரிவும் தொந்தரவுகளும் அதிகமாகக் காணப்படுவதாக அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன.

நம் வீட்டுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? ஏப்ரல், மே விடுமுறையில் தெரிந்தவர் கடையில் ஒன்றரை மாதம். பள்ளி திறந்த பிறகு ஞாயிறு போக சனிக்கிழமை மட்டும். கூடவே, படிப்பு ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிப்பது. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு என்று மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பல வருடமாகச் சோம்பேறி என்று அடிவாங்கிய பையனுக்கு இது தாமதமாகக் கிடைக்கும் நியாயம். பள்ளிக்கல்வித் துறையின் 14417, மனநல உதவிக்கு 14416, இரண்டுமே கட்டணமில்லாதவை.

இதன் விலை உங்கள் நேரம். மாதம் ஒருமுறை வகுப்பாசிரியரையும் கடைக்காரரையும் பார்த்துப் பேச வேண்டும். மற்ற நான்கு வழியிலும் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போகிறது. இதில் உங்களிடமே இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | கூட இருப்பவர்கள் | படிப்புக்குத் திரும்ப | பணம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| பட்டறை, கடை | பெரியவர்கள் | தனித்தேர்வர் வழி மட்டும் | வாரச் சம்பளம் | ஓனரின் குணம், நேரம், முன்பணம் |
| ஐ.டி.ஐ. | ஆசிரியர், பல வயது மாணவர்கள் | நன்றாகத் திறந்திருக்கிறது | உதவித்தொகை | 80 சதவீத வருகை, பிரிவுத் தேர்வு |
| அப்ரண்டிஸ் | அனுபவத் தொழிலாளர்கள் | சான்றிதழ் உண்டு | மாத உதவித்தொகை | இடம் கிடைப்பது, தங்கும் அறை |
| திருத்தும் விடுதி | அதே மாதிரிப் பையன்கள் | அநேகமாக இல்லை | நீங்கள் கட்டுகிறீர்கள் | அடி, அடைப்பு, பதிவு இல்லாமை |
| பள்ளி + அளவான வேலை | இரு பக்கமும் | விட்டுப்போகவே இல்லை | கைச்செலவுக்கு | உங்கள் நேரம் |

## யாருக்கு எது?

வகுப்புக்கு இன்னும் பாதி நாளாவது போகிறான், ஒரு ஆசிரியரையாவது பிடிக்கும் என்றால் ஐந்தாவது வழி. அவனைப் பள்ளியிலிருந்து எடுக்க அவசரப்படாதீர்கள்.

பள்ளியை முழுக்க விட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது, கையால் எதையாவது கழற்றி மாட்டுவதில் ஆசை இருக்கிறது என்றால் ஐ.டி.ஐ. சேர்க்கை தொடங்க மாதங்கள் இருந்தால் அதுவரை தெரிந்தவர் பட்டறை. வீட்டில் சும்மா வைத்திருப்பதைவிட அது நல்லது.

எழுத்து, வகுப்பு, மணியடிப்பு எதுவுமே ஒத்துவரவில்லை, ஆனால் ஒரு குறிப்பிட்ட அண்ணன் சொன்னால் கேட்கிறான் என்றால் அந்த அண்ணனிடமே விடுங்கள். சம்பளத்தில் ஒரு பங்கு அவன் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போகட்டும், ஒரு பங்கு அவன் கையில் இருக்கட்டும். வருடம் ஒருமுறை தனித்தேர்வராகப் பரீட்சைக்குப் பணம் கட்டிவிடுங்கள், எழுதுகிறானோ இல்லையோ.

வீட்டிலேயே அடி, குடி, சண்டை என்றால், வெளியே போக அவன் தேடிய சாக்குதான் வேலை. அப்போது முதலில் மாற வேண்டியது வீடு. அதற்கு உதவி வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம், பையனே கூப்பிடலாம்.

வழக்கு ஏற்கெனவே பதிவாகிவிட்டதென்றால் விஷயம் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் கையில். இங்கே பல பெற்றோர் பயந்துபோய், இல்லத்தில் போட்டால் போடட்டும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இல்லம் ஒன்றே வழி இல்லை. எச்சரித்து அனுப்புவது, ஆலோசனைக்கு வரச்சொல்வது, சமூக சேவை செய்யச் சொல்வது, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வீட்டோடு விடுவது எல்லாமே குழுமத்தின் அதிகாரத்தில் உள்ளவை. ஐ.டி.ஐ. சேர்க்கைக் கடிதமோ, பட்டறைக்காரர் நேரில் வந்து பேசுவதோ அங்கே எடைபெறும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம்: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும், குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை.